விலாசமும் அடுத்தாளும்

(காரைக்குடியில், பழைய வீடொன்றின் முகப்பில் கூடிய வாசகர் கூட்டத்தில் பேசியது)

ஆச்சிமார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். கம்பனையோ கண்ணதாசனையோ எடுத்திருந்தால் இந்த ஊரில் கைதட்டலுக்குப் பஞ்சம் இருந்திருக்காது. நான் இரண்டு அமெரிக்க ஜாஸ் இசைக்காரர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஜாஸ் என்றதுமே பின்வரிசையில் ஒருவர் காபிக்கு எழுந்துவிட்டார். சரி, வந்துவிடுவார்.

என் ஐயா பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: முதலாளி இங்கே ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்து உட்காருபவர் அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பேரேடு எழுதுவது, வட்டி கூட்டுவது, வசூலுக்கு அலைவது எல்லாம் அடுத்தாள் தலையில்தான். ஆனால் கடை நடப்பது முதலாளியின் விலாசத்தில். நான் சொல்கிற விலாசம் தெருவும் கதவு எண்ணும் இல்லை. அப்பன், பாட்டன் பெயர்களின் முதலெழுத்தைக் கோத்து வைத்த கடைப்பெயர்.

ட்யூக் எலிங்டன் அப்படி ஒரு விலாசம். 1899-ல் வாஷிங்டனில் பிறந்த பியானோக்காரர். ஐம்பது ஆண்டு இசைக்குழு நடத்தியவர். அந்தக் கடையின் அடுத்தாள் பில்லி ஸ்ட்ரேஹார்ன், 16 வயது இளையவர். அவருக்குப் பாட்டு எழுதுவதோடு அரேஞ்சர் வேலையும்.

அரேஞ்சர் என்றால் என்ன வேலை? நம் கல்யாணத்தில் இரண்டு நாகஸ்வரமும் சேர்ந்து ஒரே மெட்டைத்தான் வாசிக்கும். எலிங்டன் குழுவில் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரம் வாசிப்பார்கள். எந்தச் சுரம் யார் வாயிலிருந்து வரவேண்டும் என்று தாளில் எழுதித் தருகிறவர்தான் அரேஞ்சர். இவர்கள் 'சாக்ஸபோனுக்கு' என்று பொதுவாக எழுதியதும் இல்லை. ஜானி ஹாட்ஜஸ் ஊதினால் எப்படி இழையும், ஹாரி கார்னி ஊதினால் எப்படிக் கனக்கும் என்று ஆளைப் பார்த்து எழுதினார்கள். நம் மெல்லிசைப் படங்களில் விஸ்வநாதன் - ராமமூர்த்தி பெயருக்குக் கீழே 'உதவி: கோவர்த்தனம், ஹென்றி டேனியல்' என்று வருமே, அந்த வரியை நம்மில் எத்தனை பேர் நின்று படித்திருக்கிறோம்?

1938 டிசம்பர். பிட்ஸ்பர்க் நகரத்து ஸ்டான்லி தியேட்டர். மருந்துக்கடையில் வேலை பார்த்த 23 வயதுப் பையன் ஸ்ட்ரேஹார்னை நண்பர்கள் எலிங்டனின் ஒப்பனை அறைக்குக் கூட்டிப் போகிறார்கள். எலிங்டன் கண்ணை மூடிச் சாய்ந்து கிடக்கிறார். ஒருவர் அவருக்குத் தலைமுடி சீவிப் படியவைத்துக்கொண்டிருக்கிறார். கண்ணைத் திறக்காமலே, வாசி என்கிறார். பையன் எலிங்டனின் 'சொஃபிஸ்டிகேட்டட் லேடி'யை எடுக்கிறான். சற்றுமுன் மேடையில் அவர் வாசித்ததை அச்சு அசலாக வாசித்துவிட்டு, "இதையே நான் வாசித்தால் இப்படி இருக்கும்" என்று சுருதியை மாற்றி, வேகத்தைக் கூட்டி மறுபடி வாசிக்கிறான். எலிங்டன் எழுந்து வந்து அவன் பின்னால் நிற்கிறார். கார்னியைக் கூப்பிட்டு, நீயும் கேள் என்கிறார். பெரியவர் முன்னால் அவர் மெட்டையே திருத்திக் காட்டுவது! நம் வீட்டில் ஒரு பையன் செய்திருந்தால் திண்ணையோடு திருப்பி அனுப்பியிருப்போம். (அதே 1938-ல்தான் நம் ஊர் மெய்யப்பச் செட்டியாரின் 'நந்தகுமார்' வந்தது. திரையில் வாயசைத்தவர் ஒருவர், பாடியவர் லலிதா வெங்கட்ராமன். பின்னணி என்பது நமக்குப் புதிது இல்லை.)

நியூயார்க்கில் தன் வீட்டுக்கு எந்த ரயிலில் வரவேண்டும் என்று எலிங்டன் ஸ்ட்ரேஹார்னுக்கு வழி சொன்னார். அந்த வழியே 'டேக் தி ஏ ட்ரெயின்', அதாவது 'ஏ ரயிலில் ஏறு', என்று ஸ்ட்ரேஹார்ன் எழுதிய பாட்டு ஆனது. அந்தத் தாளை ஸ்ட்ரேஹார்ன் குப்பையில் போட்டதாகவும், தான் எடுத்ததாகவும் எலிங்டனின் மகன் மெர்சர் சொல்வார். 1941-ல் பாட்டுரிமைச் சங்கத்துக்கும் வானொலிகளுக்கும் தகராறு. எலிங்டன் சங்க உறுப்பினர், அவர் பாட்டு ஒன்றும் வானொலியில் போகக்கூடாது. ஸ்ட்ரேஹார்னும் மெர்சரும் உறுப்பினர் இல்லை. ராத்திரி பகலாகப் புதுச் சரக்கு எழுதிக் குவித்தார்கள். குப்பையிலிருந்து வந்த பாட்டு குழுவின் அடையாளப் பாட்டாகிவிட்டது. இன்றும் கேட்டுப் பாருங்கள், எலிங்டன் பாட்டு என்பார்கள்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வாடகை, துணிமணி, செலவு எல்லாம் எலிங்டன் பார்த்துக்கொண்டார். எழுத்தில் மட்டும் ஒப்பந்தம் கிடையாது. சேர்ந்து எழுதியவை சிலவற்றில் எலிங்டன் பெயர் மட்டும் நின்றது. "என் வலது கை, இடது கை, முதுகுப்பக்கத்துக் கண்கள் எல்லாம் அவர்தான்" என்று எலிங்டன் மனசாரத்தான் சொன்னார். இருந்தாலும் என் அப்பத்தா கேட்டிருந்தால், "சீட்டு எங்கே?" என்றிருப்பார். மூன்று வருஷக் கணக்குக்குக் கப்பல் ஏறும்போது ஐயா கையில் சம்பளச் சீட்டு இருந்தது. ஸ்ட்ரேஹார்னிடம் அதுகூட இல்லை.

அவருக்கும் மேடை வெளிச்சம் அவ்வளவு பிடிக்காது. தன்பால் ஈர்ப்பை மறைக்காமல் அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர். ஓரமாக இருந்ததால்தான் அது முடிந்தது என்பவர்கள் உண்டு. இருக்கலாம். அதனால் கணக்கு நேராகிவிடாது.

1963-ல் குழு நம் பக்கம் வந்தது. டெல்லி, பம்பாய், நம் சென்னையிலும் வாசித்தார்கள். டெல்லியில் அறைக்கு வெளியே ஒரு மைனா விடாமல் கத்த, அந்தக் குரலை ஸ்ட்ரேஹார்ன் கிளாரினெட்டுக்கு எழுதினார். அப்புறம் புற்றுநோய். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தும் தாள் அனுப்பிக்கொண்டிருந்தார். 1967 மே 31-ல் போனார், வயது 51.

அந்த வருஷமே எலிங்டன் அவருடைய பாட்டுகளை மட்டும் வைத்து ஓர் இசைத்தட்டுக்கு ஒலிப்பதிவு செய்தார். ஒருநாள் ஒலிப்பதிவு முடிந்து எல்லாரும் கருவிகளை உறையில் போடுகிறார்கள். எலிங்டன் தானாகப் பியானோவில் உட்கார்ந்து ஸ்ட்ரேஹார்னின் 'லோட்டஸ் ப்ளாசம்' வாசிக்கத் தொடங்குகிறார்.

அதை இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். தொடக்கத்தில் பேச்சுச் சத்தமும் சாமான் உருட்டும் சத்தமும் வரும். மைக்செட் தம்பி, அது உங்கள் ஸ்பீக்கர் கோளாறு இல்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கும், கவனியுங்கள். போடுங்கள்.