தரை குடித்த எண்ணெய்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். நம்மில் மூத்தவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவிலிருந்து வந்திருக்கிறேன். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர்களையும் லோரிகளையும் பழுதுபார்ப்பதே என் தொழிலாக இருந்தது. ஓய்வுபெற்ற பிறகும் அக்கம்பக்கத்தார் என்னைத் தேடி வருகிறார்கள். ஆனால் இப்போது அவர்களில் பெரும்பாலோர் வருவது இயந்திரக் கோளாற்றுக்காக அல்ல. தாமான் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் படிந்துவிட்ட எண்ணெய்க் கறைக்கு வழி கேட்டுத்தான். லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்து, பல ஆண்டுகள் மிச்சம்பிடித்துச் சொந்த வீடு வாங்கிய குடும்பத்துக்கு அந்த வாசல் எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். அதனால் இந்த விஷயத்தை நான் சிறியதாக எண்ணியதே இல்லை.

முதலில் கான்கிரீட்டைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு அது பாறை போல இறுகியிருந்தாலும், அதன் உள்ளே கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் நிறைந்திருக்கின்றன. கலவை குழைக்கும்போது ஊற்றிய தண்ணீரில் ஒரு பகுதி சிமெண்டோடு சேர்ந்து இறுகிவிடுகிறது. மிஞ்சிய தண்ணீர் ஆவியாகிப் போகும்போது, அது இருந்த இடங்கள் வெற்றுத் துளைகளாக நின்றுவிடுகின்றன. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பதைப் போல, இந்தத் துளைகள் சிந்திய எண்ணெயைக் கீழே இழுத்துக்கொள்கின்றன. ஆகவே நாம் பார்க்கும் கறை, மேலே ஒட்டிய அழுக்கன்று. தரை குடித்த எண்ணெய். குடித்ததைத் துடைத்து எடுக்க முடியாது, திரும்ப உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். இதை இந்த உரையில் மீண்டும் மீண்டும் சொல்வேன். ஏனென்றால் நம் மக்கள் செய்யும் வீண்வேலைகள் எல்லாம் இதை மறப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன.

எண்ணெய் சிந்தியவுடன் கை தானாகத் தண்ணீர்க் குழாயைத் தேடுகிறது. தயவுசெய்து தண்ணீரைத் திறக்காதீர்கள். எண்ணெய் தண்ணீரில் கரையாது; தண்ணீரின் மேல் மிதந்து, உள்ளங்கை அளவு இருந்த கறையை வாசல் முழுவதும் பரப்பும். அதற்குப் பதிலாக மரத்தூளையோ, உலர்ந்த மணலையோ, பூனைக்கென்று கடையில் விற்கும் மணலையோ தாராளமாகக் கொட்டுங்கள். வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொட்டினால் எண்ணெய் விரியாது. பிறகு பழைய காலணியைப் போட்டுக்கொண்டு அந்தத் தூளைக் காலால் நன்றாக அரைத்துத் தேயுங்கள். தூள் பொடிப்பொடியாக ஆக, அது உறிஞ்சும் அளவும் கூடும். சில மணி நேரம் விட்டு, கூட்டி அள்ளிவிட்டு, அதன்பின் சவர்க்காரத் தூளும் கொதிநீரும் கொண்டு தேய்த்தால் புதுக்கறையில் பெரும்பகுதி போய்விடும். தேய்ப்பதற்கு நைலான் தூரிகை போதும். கம்பித் தூரிகையைத் தவிர்த்துவிடுங்கள், அதிலிருந்து உடைந்து தரையில் சிக்கிக்கொள்ளும் இரும்பிழைகள் துருப்பிடித்து வேறொரு கறையை உண்டாக்கும்.

அடுத்தது, சிந்தியது என்ன என்று அறிந்துகொள்வது. பிரேக் எண்ணெய் என்று நாம் அழைக்கும் திரவமும், ரேடியேட்டரில் ஊற்றும் பச்சை நிறக் கூலன்டும் பொதுவாகத் தண்ணீரோடு கலப்பவை. அவற்றுக்கு மட்டும், மணல் போட்டு உறிஞ்சிய பிறகு தண்ணீரே போதும். கூலன்ட் இனிப்புச் சுவை கொண்டது, அதே நேரத்தில் நஞ்சு. நாயோ பூனையோ நக்கிவிட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்பதால் அதை ஒரு நிமிடமும் விட்டுவைக்கக் கூடாது. வாசலில் கறுத்து வழுக்குவதெல்லாம் எண்ணெய் என்றும் எண்ணிவிடாதீர்கள், மழை பெய்யும் நம் நாட்டில் பாசியும் அப்படித்தான் தெரியும். ஐயம் இருந்தால் இடம் காய்ந்திருக்கும்போது சில துளித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் அங்கே எண்ணெய் இருக்கிறது. தரைக்குள் இறங்கினால் வேறு ஏதோ ஒன்று.

இனி நான் நீண்ட காலமாக மனத்தில் வைத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நம்முடையது செம்பனை ஊர். மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது 1917ஆம் ஆண்டு, நம் ஊரை அடுத்த தென்னமாரம் தோட்டத்தில். அன்று முதல் இன்று வரை இரண்டு வகை எண்ணெய்கள் நம் தரைகளில் சிந்திக்கொண்டிருக்கின்றன. ஒன்று இயந்திரத்திலிருந்து ஒழுகும் கறுப்பு எண்ணெய். மற்றொன்று பழக்குலை ஏற்றிய லோரியிலிருந்து வழியும் செம்மஞ்சள் எண்ணெய். கறுப்புக் கறையைக் கண்டு பதறும் நம்மவர்கள், செம்மஞ்சள் கறையைப் பார்த்து, அது வெயிலில் தானாக வெளுத்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். நிறம் வெளுப்பது உண்மைதான். கேரட்டுக்கு நிறம் தருகிற அதே வகைப் பொருளே செம்பனை எண்ணெய்க்கும் நிறம் தருகிறது, அது வெயிலில் சிதைந்துவிடும். ஆனால் எண்ணெய் அங்கேயே இருக்கிறது. அது நாள்பட்டுச் சிக்கு வாடை அடிக்கும்போது கொழுப்பு அமிலங்கள் உண்டாகி, சிமெண்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து, தரையின் மேல்தோலை மெல்ல மெல்ல இளக்கிவிடுகின்றன. ஆலைகளில் பழம் கொட்டும் இடத்துத் தரை, பட்டறைத் தரையைக் காட்டிலும் விரைவாகப் பொரிந்து கல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இயந்திர எண்ணெயோ நன்றாக இறுகிய கான்கிரீட்டை அப்படி அரிப்பதில்லை. கறுப்பாக்கி வைத்துவிட்டுச் சும்மா கிடக்கும். பார்வைக்குக் கொடியதாகத் தெரிவது தரையைக் கெடுப்பதில்லை, சாதுவாகத் தெரிவதே கெடுக்கிறது.

இதற்கு ஒரு வீட்டைச் சான்றாகச் சொல்கிறேன். அந்த வீட்டு அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தீபாவளிக்குச் சொந்த வாசலில் பெரிய கோலம் போட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மகன் பழ லோரி ஓட்டுகிறார். மதிய உணவுக்கு வீட்டுக்கு வரும்போது லோரி வாசலை ஒட்டியே நிற்கும். பேரனின் மோட்டார் சைக்கிள் இரவெல்லாம் அதற்குப் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாகக் கறுப்பு எண்ணெய் விடும். இப்படி ஒரே வாசலில் இரண்டு கறைகளும் அருகருகே சேர்ந்துவிட்டன. யாரோ ஒருவர் வந்து, எசிட், அதாவது அமிலம், ஊற்றினால் எல்லாம் போய்விடும் என்று சொல்லி ஊற்றியும் விட்டார். தரை நுரைத்துப் பொங்கியது. நுரை வந்ததைக் கண்டு கறை போகிறது என்றே எல்லாரும் நம்பினார்கள். ஆனால் எசிட் தின்றது சிமெண்டைத்தான். கழுவிப் பார்த்தபோது கறையைச் சுற்றியிருந்த நல்ல தரை வெளுத்து மணல் மணலாகி, கறை மட்டும் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. அந்த அம்மா என்னிடம், “தம்பி, இதுக்கு மேல கோலம் போட்டா நிக்குமா?” என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்த கவலையை நான் மறக்கவில்லை. நேயர்களே, அமிலம் எண்ணெயை எடுக்காது. அது சிமெண்டைக் கரைக்கும் பொருள். எண்ணெயை அது தொடுவதே இல்லை.

நாங்கள் முதலில் செம்மஞ்சள் கறையை எடுத்துக்கொண்டோம். செம்பனை எண்ணெயின் ஒரு பகுதி நம் வீட்டுச் சூட்டிலேயே உறைந்து நிற்கக்கூடியது. ஆகவே குளிர்ந்த தண்ணீர் பயன்படாது, கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டும். அதில் சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றினோம். தாவர எண்ணெய் காரத்தோடு சேர்ந்தால் அதில் ஒரு பகுதி சவர்க்காரமாகவே மாறிவிடும், மீதியை அந்தச் சவர்க்காரம் நீரோடு கலக்கச் செய்யும். தரை காய்ந்துவிடாமல் மேலும் மேலும் அதே கரைசலைத் தெளித்து, கால் மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டுத் தேய்த்தோம். ஒரே காலையில் அந்தக் கறை விட்டுப்போனது. கையுறை போட்டுக்கொள்வது கட்டாயம். சலவைச் சோடா போதாது என்று காஸ்டிக் சோடாவுக்குப் போகாதீர்கள், அது தோலையும் கண்ணையும் எரித்துவிடும்.

கறுப்புக் கறை அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. இயந்திர எண்ணெய் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த கச்சா எண்ணெயிலிருந்து பிறந்தது. காரத்தோடு சேர்ந்து அது சவர்க்காரமாகாது. தேய்ப்பதும் மேலே கிடப்பதை மட்டுமே எடுக்கும். உள்ளே இறங்கியதை எடுக்க, நான் முன்பே சொன்னபடி, உறிஞ்ச வேண்டும். அதற்குப் பற்றுப் போட வேண்டும். வெள்ளைக் களிமண் தூள், சுண்ணாம்புக் கல் தூள், முகத்துக்குப் பூசும் டால்கம் பவுடர் இவற்றில் எது கிடைத்தாலும் சரி. பட்டறைக்காரர்கள் பயன்படுத்தும் எண்ணெய் நீக்கித் திரவத்தை அதில் விட்டு, கரண்டியிலிருந்து வழியாத கெட்டியில் பிசைந்துகொள்ளுங்கள். கறையின் ஓரத்தையும் தாண்டி, ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, ஓரங்களை ஒட்டி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். திரவம் துளைகளுக்குள் இறங்கி அங்கிருக்கும் எண்ணெயை இளக்கும். மறுநாள் தாளை எடுத்துவிட்டால் பற்று மேலிருந்து காயத் தொடங்கும். காயக் காய, கீழே இருக்கும் ஈரம் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறி அந்தத் தூளுக்குள் வந்துவிடும். எந்த வழியில் எண்ணெய் இறங்கியதோ அந்த வழியிலேயே அதை ஏற்றுகிறோம். வெள்ளையாக அப்பிய பற்று பழுப்பாகிக் கிடப்பதைப் பார்க்கும்போது மனத்துக்கு உண்மையான நிறைவு கிடைக்கும்.

அந்த வீட்டில் பற்றை மறுபடியும் மறுபடியும் போட வேண்டியிருந்தது. பிற்பகலில் இடி மழை வரும் பருவம் என்பதால் பிளாஸ்டிக்கின் மேல் பலகையும் கல்லும் வைத்துக் காத்தோம். தாள் எடுத்த பிறகு காய்வதற்குக் காலை வெயிலை மட்டுமே நம்பினோம். இறுதியில் ஒரு மங்கிய நிழல் மட்டும் மிஞ்சியது. ஓடிய இயந்திரத்தின் எண்ணெயில் புகைக்கரித் துகள்கள் கலந்திருக்கும், அவை துளைகளில் சிக்கிக்கொண்டால் முழுவதும் வராது என்பதை நான் அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். தீபாவளியன்று அந்த நிழலின் மேல் கோலம் நன்றாகவே நின்றது. பேரனின் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் வடிக்கும் திருகின் வளையத்தை மாற்றி ஒழுக்கை நிறுத்தியதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒழுக்கை நிறுத்தாமல் கறையோடு போராடுவது வீண் செலவு.

எரிபொருளைப் பற்றியும் பேச வேண்டும், நேரம் குறைவாக இருப்பதாகச் சைகை காட்டுகிறார்கள். புல்வெட்டும் இயந்திரத்தில் ஊற்றும்போது பெட்ரோல் சிந்தினால், கறையைவிடத் தீயையே முதலில் எண்ண வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைக் காட்டிலும் கனமானது; தாழ்ந்த இடத்தையும் கால்வாயையும் நாடிப் போகும். அருகில் அடுப்பு, சிகரெட், சாமி விளக்கு எதுவும் வேண்டாம். மணலைக் கொட்டி மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். டீசல் அப்படி எளிதில் ஆவியாகாது, எண்ணெயைப் போலவே உள்ளே இறங்கும். அதற்கும் உறிஞ்சும் தூளும் பற்றும்தான் வழி. பழைய கறையைப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் தேய்க்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அது எண்ணெயை நீர்த்துப்போகச் செய்து இன்னும் ஆழமாக இறக்கும், தீயையும் வீட்டுக்கு அழைக்கும். குளோராக்ஸ் என்னும் வெளுப்புத் திரவம் பாசிக்குப் பயன்படும், எண்ணெய்க்குப் பயன்படாது. அதை எந்த அமிலத்தோடும், கழிவறை கழுவும் திரவத்தோடும் கலந்துவிடாதீர்கள். எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

கடைசியாக, கழுவிய எண்ணெய் எங்கே போகிறது என்பதற்கு வருகிறேன். வாசல் கால்வாய் நம் ஊரில் சுங்கை சிலாங்கூரை நோக்கித்தான் ஓடுகிறது. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கத்துச் சுங்கை கோங்கில் கலந்த கழிவு அந்த ஆற்றை எட்டியபோது நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டதையும், வாளியோடு வரிசையில் நின்றதையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆற்றின் கரையில்தான் கம்போங் குவாந்தானின் மின்மினிகள் வாழ்கின்றன. ஆகவே எண்ணெய் குடித்த மரத்தூளையும் காய்ந்த பற்றையும் கால்வாயில் தள்ளாதீர்கள். வடித்தெடுத்த எண்ணெயை மூடியுள்ள தகரத்தில் வைத்து, பழைய எண்ணெய் சேகரிப்பவருக்குக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். பயன்படுத்திய மசகு எண்ணெய், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் வந்த விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 305 என்ற குறியீட்டோடு அட்டவணைக் கழிவாக, அதாவது கட்டுப்பாட்டோடு கையாள வேண்டிய அபாயக் கழிவாக, இடம்பெற்றிருக்கிறது. தூளையும் துணியையும் தனிப் பையில் கட்டி, அந்தப் பட்டறையே வாங்கிக்கொள்ளுமா என்று கேட்டுப் பாருங்கள். சுத்தம் செய்த தரைக்கு மேல்பூச்சு அடிப்பதைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன்; தரை நன்றாக உலர்ந்த பிறகே அடிக்க வேண்டும், புதிதாகப் போட்ட கான்கிரீட் என்றால் 28 நாளாவது பொறுக்க வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.