விலை ஏறுகிறது என்பதற்காக ஜாகுவார் இ-டைப் வாங்கலாமா?

வணக்கம். இங்கிலாந்தின் கவென்ட்ரியிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் நிற்பது என்னுடைய பழைய ஸ்போர்ட்ஸ் கார், 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி. வெளியே மழை பிடித்துக்கொண்டது, அதனால் இன்று வண்டியை எடுக்காமல் ஷெட்டுக்குள்ளேயே பேசிவிடுகிறேன்.

லெஸ்டரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வீடு வாங்குவதற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த 60,000 பவுண்டு அவர் கையில் இருக்கிறது. ஜாகுவார் இ-டைப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். "அக்கா, பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் விலை ஏறிக்கொண்டே போகிறது. இப்போது விட்டால் அப்புறம் எட்டாது. மூன்று வருடம் வைத்திருந்து லாபத்துக்கு விற்றுவிட்டு வீடு வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, வேண்டாம். இந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் காதுக்கு வந்து சேரும் விலைகள் எல்லாம் ஏலத்தின் உச்சியில் இருப்பவை. 2018-இல் கலிபோர்னியாவில் ஃபெராரி 250 ஜிடிஓ ஒன்று 4.84 கோடி டாலருக்குப் போனது. 2022-இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூப்பே 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அந்த ஃபெராரியில் நாற்பது கூட உலகத்தில் இல்லை. அந்த மெர்சிடிஸில் இருப்பதே இரண்டு. நீங்கள் பார்க்கும் இ-டைப்போ 1961 முதல் பதினான்கு ஆண்டுகளில் 70,000-க்கும் மேல் செய்யப்பட்ட கார். அந்த ஏலச் செய்தியை வைத்து இந்தக் காருக்கு விலை போடுவது, போயஸ் கார்டனில் ஒரு மனை போன விலையைச் சொல்லி ஊர்க்கோடியில் இருக்கும் நிலத்தை விற்பது மாதிரி.

அந்த உச்சியில் இருப்பவையும் விழுந்திருக்கின்றன. 1987 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஃபெராரி நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரி காலமானார். பணத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளில் போட வேண்டும் என்று ஒரு வேகம் கிளம்பியது. 1989-இல் ஜிடிஓ ஒன்று 1 கோடி டாலருக்கு மேல் கைமாறியது. தொண்ணூறுகளின் நடுவில் அதே வகைக் கார் 35 லட்சம் டாலருக்குக் கிடைத்தது. இ-டைப்பும் அதே அலையில் ஏறி, அதே அலையில் பாதிக்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் போட்ட பணத்தைத் திரும்பப் பார்க்கப் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். அதற்குள் பணத்தின் மதிப்பே தேய்ந்துவிட்டது. 1990-இல் ஒரு பவுண்டுக்கு வாங்கியதை இன்று இரண்டு பவுண்டுக்கு மேல் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

எங்கள் ஊர் நிறுவனத்தின் கதை ஒன்று இருக்கிறது. அதே 1989-இன் கடைசியில் ஜாகுவார் எக்ஸ்ஜே220 காருக்கு முன்பதிவு தொடங்கினார்கள். முன்பணம் மட்டுமே 50,000 பவுண்டு. வரிசையில் நின்றவர்களில் நிறையப் பேருக்கு அதை ஓட்டும் எண்ணமே கிடையாது. பதிவுச் சீட்டை இன்னொருவருக்குக் கூடுதல் விலைக்கு மாற்றிவிடலாம் என்ற கணக்குத்தான். 1992-இல் கார் வந்தபோது சந்தை படுத்திருந்தது. வாங்க மாட்டோம் என்று வழக்காடும் அளவுக்குப் போனது விவகாரம். செய்ததே 300-க்கும் குறைவு, அதையும் விற்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தார்கள். அரிய கார் என்றால் விலை இறங்காது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் காரின் ஞாபகம்தான் வரும்.

சரி, இப்போது என் கணக்குப் புத்தகம். கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் இந்த எம்ஜிபியை 5,200 பவுண்டுக்கு வாங்கினேன். கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற பகுதியும் தரைத் தகடும் வெட்டி வெல்டிங் செய்ய 2,850. கார்புரேட்டர், பிரேக், டயர் எல்லாமாக 1,640. வீட்டில் இடம் இல்லாததால் இந்த ஷெட்டுக்கு மாதம் 65, அது எட்டு ஆண்டில் 6,240. காப்பீடு ஆண்டுக்கு 170 வீதம் 1,360. சாலை வரி கிடையாது, 40 ஆண்டு தாண்டிய கார்களுக்கு இங்கே விலக்கு உண்டு. மொத்தம் 17,290 பவுண்டு. இன்று விற்றால் மிஞ்சிப்போனால் 7,500 கிடைக்கும்.

விலை ஏறவில்லையா என்றால் ஏறித்தான் இருக்கிறது, 2,300 பவுண்டு. ஆனால் கையை விட்டுப் போனது 9,790. விலை வரைபடத்தில் வாங்கிய புள்ளியும் விற்ற புள்ளியும்தான் இருக்கும். இந்தப் புத்தகத்தில் நடுவில் இருக்கும் பக்கங்கள் அதில் இருக்காது.

எம்ஜிபி எளிய வண்டி, அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எந்த உதிரிப் பாகமும் கிடைக்கும். 1988-இலிருந்து முழு உடற்கூடே புதிதாக அடித்துத் தருகிறார்கள். இ-டைப் அப்படிப்பட்டதல்ல. கிளட்ச் தட்டு தேய்ந்தால் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே இறக்க வேண்டும். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, உள்ளே டிஃபரன்ஷியலை, அதாவது இன்ஜினின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பகுதியை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. அதை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் பின்பக்கத் தொகுதியையே கழற்றுவார்கள். முன்னால் இன்ஜினைத் தாங்குவது குழாய்ச் சட்டம். அதற்குள் துரு பிடித்திருந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

இதோ, இதுதான் நான் எப்போதும் கொண்டுபோகும் கருவி. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சின்னக் காந்தம், பெயின்ட் கீறாமல் இருக்கத் துணி சுற்றியிருக்கிறேன். பாருங்கள், இங்கே பற்றுகிறது. இங்கேயும் பற்றுகிறது. இந்தச் சக்கர வளைவின் ஓரத்தில் மட்டும் வழுக்கி விழுகிறது, கேட்டதா சத்தம்? அடியில் இரும்பு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டி. நான் வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து மயங்கி இதைச் சோதிக்காமல் விட்டேன். எனக்கு விற்றவர் அதைச் சொல்லவும் இல்லை. 60,000 பவுண்டு இ-டைப்பில் இதே தவறு நடந்தால் அதைச் சரிசெய்ய என் காரின் மொத்த விலையைப் போல் சில மடங்கு ஆகும்.

இங்கே ஒரு சலுகை உண்டு. சொந்தக் காரை விற்று வரும் லாபத்துக்கு பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை. விற்பனையாளர்கள் இதை முதலில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் நட்டம் வந்தால் அதை வேறு எந்த லாபத்திலும் கழித்துக்கொள்ள முடியாது என்பதும் அதே விதியின் மறுபக்கம்.

இன்னொன்று வட்டி. 2009 மார்ச்சில் இங்கே மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி வட்டியை அரை சதவீதத்துக்கு இறக்கியது. அடுத்த பத்து ஆண்டும் வங்கியில் பணம் தூங்கியது. அப்போது பணம் உள்ளவர்கள் காருக்கும் கைக்கடிகாரத்துக்கும் ஓவியத்துக்கும் ஓடியதில் ஆச்சரியமே இல்லை. 2023 ஆகஸ்டில் அதே வட்டி 5.25 சதவீதம். உங்கள் பணத்துக்கு வங்கியில் நான்கு சதவீதம் கிடைத்தாலும் ஆண்டுக்கு 2,400 பவுண்டு. துரு பிடிக்காது, ஷெட்டும் வேண்டாம்.

இவ்வளவும் சொல்கிறவள் ஏன் இந்தக் காரை விற்கவில்லை என்று கேட்பீர்கள். போன மே மாதம் வேல்ஸில் லான்பெரிஸ் கணவாயில் இதை ஏற்றினேன். ஜன்னல் திறந்திருந்தது. மூன்றாம் கியரில் அந்த இன்ஜின் முனகலும் பெட்ரோல் வாசமும் ஈரப் புல்வாசமும் ஒன்றாக வந்தன. மேலே நிறுத்திவிட்டு இறங்க மனம் வராமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்த 9,790 பவுண்டு இதற்குத்தான் போனது. எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை.

லாபத்துக்கு வாங்கியவர் அந்தக் கணவாயில் ஏற மாட்டார். ஒவ்வொரு மைலும் மதிப்பைக் குறைக்கிறது, ஒரு கல் தெறித்தால் போச்சு என்று உறை போட்டு மூடி வைப்பார். 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் இ-டைப்பை ஓட்டிப் பார்க்கக் கூட்டம் நெருக்கியது. இன்னொரு கார் உடனே வேண்டும் என்று செய்தி வந்ததும், சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இந்த ஊரிலிருந்து இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். அப்படி ஓடுவதற்காகப் பிறந்த காரை மூடி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

தம்பி, வீட்டுப் பணத்தை வீட்டுக்கே விடுங்கள். ஆசை ஆசையாகவே இருந்தால் தனியாகச் சேர்த்து, ரப்பர் பம்பர் வைத்த எம்ஜிபி ஒன்றில் தொடங்குங்கள். 1974-க்குப் பின் வந்தவை, அழகு ஒரு மாற்றுக் குறைவு என்பதால் விலையும் குறைவு. ஓட்டும் சுகம் அதிலும் உண்டு.

அந்த இ-டைப்பை ஒருமுறை பார்க்கவாவது வேண்டும் என்றால் போய்ப் பாருங்கள், நானும் வருகிறேன். மழை நாள் வேண்டாம், ஈரத்தில் பெயின்டின் குறை தெரியாது. நாம் வருவதற்கு முன் இன்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்கக் கூடாது என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சூடான இன்ஜின் தன் குறையை மறைத்துவிடும். காந்தத்தை நான் கொண்டு வருகிறேன்.