நாட்டமில்லையாம்!

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் மலையேற, கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்ட, காட்டில் கூடாரம் போட்டுத் தங்க என்றே மாணவர் சங்கங்கள் உண்டு. டார்ட்மத் கல்லூரியில் 1909இலேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் இன்றைக்கும் பல கல்லூரிகளில் பயணத்துக்கு வேன் கிளம்பும்போது உள்ளே எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள்தான். கறுப்பின மாணவர்களும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மாணவர்களும் ஏன் வரவில்லை என்று கேட்டால், "அவர்களுக்கு இதில் நாட்டமில்லை" என்று சட்டெனப் பதில் வரும். எனக்கு அந்தப் பதிலைக் கேட்டாலே எரிச்சல்.

நாட்டம் என்ன வானத்திலிருந்தா விழும்? வர்ஜீனியா மாநிலத்து ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பினத்தவர் தங்க 1939இல் லூயிஸ் மவுண்டன் என்று தனி இடம் ஒதுக்கினார்கள். அந்தப் பிரிவினை முழுதாக ஒழிய 1950 ஆனது. நீச்சல் குளங்களிலும் இதே கூத்துதான். பாட்டியைக் குளத்தில் இறங்கவே விடவில்லை, அம்மாவுக்குச் சொல்லித்தர வீட்டில் நீந்தத் தெரிந்தவர் யாரும் இல்லை, பேத்தி இன்று கயாக் பயண அறிவிப்பைப் படித்துவிட்டுப் பேசாமல் நகர்ந்து போகிறாள்.

காடு கறுப்பினத்தவருக்குப் புதிது என்றும் சொல்லிவிட முடியாது. கலிஃபோர்னியாவின் செகோயா தேசியப் பூங்காவை 1903இல் பொறுப்பேற்று நடத்தியவர் சார்லஸ் யங் என்ற கறுப்பின ராணுவ அதிகாரி. ராட்சத மரங்கள் நிற்கும் காடு வரை வண்டிப் பாதையை அவருடைய ஆட்கள்தான் போட்டு முடித்தார்கள்.

அப்புறம் பணம். கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம் என்பார்கள், சரி, பூட்ஸ், மழைக்கோட்டு, தூக்கப் பை என்று நீளும் பட்டியலுக்கு யார் கொடுப்பது? வார இறுதியில் வேலை பார்த்துப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு நாள் சம்பளமும் சேர்ந்தல்லவா போகிறது! பொருட்களை இரவல் கொடுக்கும் கல்லூரிகள் உண்டு, நல்லது, ஆனால் அது அறிவிப்பின் கடைசி வரியில் இருந்தால் யார் கண்ணில் படும்?

எல்லாவற்றையும்விட, கூட்டிப்போகிறவர் யார் என்பது முக்கியம். கறுப்பினத்தவரைக் கறுப்பினத்தவரே இயற்கைக்குள் அழைத்துப் போகட்டும் என்று 2009இல் ரூ மாப் என்ற பெண் தொடங்கிய 'அவுட்டோர் ஆஃப்ரோ' அமைப்பு அமெரிக்கா முழுக்கப் பரவியதற்குக் காரணம் அதுதான். கல்லூரியிலோ வழிகாட்டியாக விண்ணப்பித்தால் முதல் கேள்வியே "இதற்கு முன் எத்தனை பயணம் போயிருக்கிறாய்?" என்பது. போகவே வழியில்லாதவள் அதற்கு என்ன எழுதுவாள்? அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, சம்பளம் கொடுத்துப் புதியவர்களுக்குப் பயிற்சி தரலாமே.