இரண்டு ஆடுகளும் ஓர் அகழெலியும்

[காட்சி: கடலிலிருந்து செங்குத்தாக எழும் பச்சைத் தீவு]

சென்காக்கு அகழெலி, மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் சின்னப் பாலூட்டி. இந்த இனத்தில் ஒரே ஒரு உயிர்தான் இதுவரை ஆய்வாளர்கள் கைக்குக் கிடைத்திருக்கிறது. 1979-ல் பிடிபட்ட ஒரு பெண் அகழெலி. அதன்பிறகு ஒன்றுகூட இல்லை.

கிடைத்த இடம், கிழக்குச் சீனக் கடலில் உள்ள உவோட்சுரி தீவு. சென்காக்கு தீவுகளில் இதுதான் பெரியது. அதுவே 4 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நிர்வாகம் ஜப்பானிடம். சீனாவும் தைவானும் உரிமை கோருகின்றன. இந்தத் தகராறைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

[காட்சி: அகழெலியின் ஓவியம்]

உடல் நீளம் சுமார் 13 செ.மீ. நெருங்கிய உறவினங்களுக்கு 42 பற்கள், இதற்கு 38. அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் 1991-ல் இதைப் புது இனமாக, முதலில் புதுப் பேரினமாகவே (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) அறிவித்தார்கள். பிறகு ஏற்கெனவே இருந்த மோகெரா என்ற அகழெலிப் பேரினத்தில் சேர்த்தார்கள். பக்கத்து ஒகினாவா தீவுகள் எதிலும் அகழெலியே கிடையாது. அதனால் இந்தச் சின்னத் தீவில் மட்டும் ஒன்று பிழைத்திருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

[காட்சி: செம்மண் தெரியும் மலைச்சரிவு]

அந்த அகழெலி பிடிபடுவதற்கு முந்தைய ஆண்டே ஆபத்து வந்து இறங்கிவிட்டது. 1978-ல் ஒரு ஜப்பானிய அரசியல் குழு ஓர் ஆட்டு ஜோடியைத் தீவில் விட்டுப் போனது. தடுக்க யாருமில்லை, பெருகின. 1991-ல் தெற்குச் சரிவில் மட்டும் 300 வரை எண்ணினார்கள்.

ஆடு அகழெலியைத் தொடுவதில்லை. செடியைத் தின்கிறது, முளைக்கும் கன்றையும் விடுவதில்லை. வேர்ப்பிடிப்பு போனதும் மழையில் மேல்மண் சரிகிறது. அகழெலிக்கு வீடும் அந்த மண்தான். மண்புழு, பூச்சி என்று சாப்பாடும் அதற்குள்தான். தீவு சின்னது, ஒதுங்கிப் போக வேறு நிலம் இல்லை. ஜப்பானின் சிவப்புப் பட்டியலில் இது மிக மோசமான அழிவாபத்துப் பிரிவில் இருக்கிறது.

சரி, ஆடுகளை அகற்ற முடியாதா? முடியும். ஒகசவாரா தீவுகள் பலவற்றில் ஜப்பானே செய்து காட்டியிருக்கிறது. ஆனால் உவோட்சுரியில் ஆள் இறங்கினாலே அது நாடுகளுக்கு இடையிலான பிரச்சினை. அரசு அனுமதிப்பதில்லை, ஆய்வாளர்களின் கோரிக்கைகள் அப்படியே நிற்கின்றன. இது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. எல்லைத் தகராறு தீரும்வரை காத்திருக்க அந்தச் சரிவுகளால் முடியாது.

[காட்சி: கப்பலிலிருந்து கிளம்பும் ட்ரோன்]

2023-ல், ஜப்பான் தரப்பில் இந்தத் தீவு சேர்ந்திருக்கும் இஷிகாகி நகராட்சி கப்பலிலிருந்தே ட்ரோன் பறக்கவிட்டுத் தீவைப் பார்த்தது. ஆடும் மண்சரிவும் மேலிருந்து தெரியும். மண்ணுக்குள் வாழும் பிராணி தெரியாது. அது இன்னும் இருக்கிறதா என்று அறிய, யாராவது கரையிறங்கி அதன் வளைகளைத் தேடித்தான் ஆக வேண்டும்.