பாதி ஆகாத கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். நெடுஞ்சாலை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள். இன்று கொஞ்ச நேரம்தான் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் தப்பித்தீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. 2015 நவம்பரில் பிரேசில் தலைநகர் பிரேசிலியாவில் நடந்த சாலைப் பாதுகாப்பு மாநாட்டில், சாலை மரணங்களை 2020-க்குள் பாதியாக்குவோம் என்று பல நாடுகள் உறுதி சொன்னன. இந்தியாவும் அதில் உண்டு. அந்த ஆண்டு நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 1,46,000 பேர். 2019-ல் அது 1,51,000. 2020-ல் இறங்கியது, ஆனால் அது ஊரடங்கு செய்த வேலை. வண்டியே ஓடவில்லையே! 2022-ல் 1,68,491. மறு ஆண்டு 1,72,000-ஐயும் தாண்டிவிட்டது. இதற்கு நடுவில் ஸ்டாக்ஹோமில் இன்னொரு மாநாடு நடந்தது. இலக்கு அதே பாதிதான், கெடு மட்டும் 2030 ஆகிவிட்டது.

நம் மாநிலத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022-ல் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம்.

சரி, இறப்பவர்கள் யார்? நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள் அல்லது நடந்து போனவர்கள். நடந்து போனவர்கள் மட்டும் அந்த ஒரே ஆண்டில் 32,825 பேர். நான் பேச வந்தது இவர்களைப் பற்றித்தான்.

சென்னையில் இருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு பஸ் நிறுத்தம். எது என்று சொல்லவில்லை, அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். நடை மேம்பாலம் இருக்கிறது. அதற்குக் கீழேயே, நடுத்தடுப்பின் இரும்புக் கம்பி ஒன்று வளைந்து, ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டிருக்கும். பிடித்துப் பிடித்துப் பெயின்ட் போய், அந்த இடம் மட்டும் பளபளவென்று இருக்கும். ஒருநாள் பூக்கூடையோடு அந்தச் சந்தில் நுழைந்து வந்த அம்மாவிடம், "பாலம் இருக்கே, அதுல போகக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். "ஏறி எறங்குறதுக்குள்ள பஸ்ஸு போயிடும் சார். முட்டி வேற வலிக்குது. நீங்க இந்தக் கூடையத் தூக்கிக்கிட்டு ஒருவாட்டி ஏறிப் பாருங்களேன்" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாரி போவதற்குக் கீழே ஐந்தரை மீட்டர் உயரம் விட வேண்டும். பதினைந்து சென்டிமீட்டருக்கு ஒரு படி என்றாலும் முப்பத்தாறு படிக்குக் குறையாது. அப்புறம் அந்தப் பக்கம் அத்தனையும் இறங்க வேண்டும். காரில் போகிறவர் பிரேக்கைத் தொட வேண்டாம் என்பதற்காக, முட்டி வலிக்காரரை இரண்டு மாடி ஏறச் சொல்கிறோம். ஏறவில்லை என்றால் அவருக்குப் பொறுப்பில்லை என்கிறோம்! வண்டிதான் வேகத்தைக் குறைக்க வேண்டும், மனிதர் தரையிலேயே கடக்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே நான் பலருக்கு வேண்டாதவன் ஆனேன்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்? 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 65-ல் வந்தால், அடிபட்டவர் இறக்கும் அபாயம் நாலரை மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சென்னையில் 2023-லேயே காருக்கு 60, பைக்குக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருவுக்கு 30 என்று போலீஸ் வரம்பு வைத்துவிட்டது. நல்லது. ஆனால் பலகையைப் பார்த்து யார் வேகத்தைக் குறைக்கிறார்கள்? சாலை அகலமாக, நேராக இருந்தால் கால் தானாக அழுத்தும். கடக்கும் இடத்தில் சாலையைக் கொஞ்சம் மேடாக்கி, நடுவில் நின்று போக இடம் விட்டால் வண்டி தானாக அடங்கும்.

இன்னொன்று. ஓர் இடத்தை 'விபத்துப் பகுதி' என்று தேசிய நெடுஞ்சாலைகளில் எப்படிக் குறிக்கிறார்கள் தெரியுமா? ஐந்நூறு மீட்டருக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ படுகாயமோ உள்ள விபத்து குறைந்தது ஐந்து நடந்திருக்க வேண்டும், அல்லது பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அதாவது நாலு விபத்தில் ஒன்பது பேர் இறந்தாலும் போதாது! வளைந்த கம்பியைப் பார்த்தாலே சொல்லிவிடலாமே, எங்கே அடுத்த விபத்து என்று. நாட்டுக்கு மொத்தமாக 'பாதி' என்று ஓர் இலக்கு வைத்தால் அது யார் மேஜைக்கும் வராது. இந்த நிறுத்தத்துக்கு இந்தப் பொறியாளர் பொறுப்பு என்று வந்தால்தான் வேலை நகரும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் சேர்ந்து உருவாக்கிய செயலியில், விபத்து நடந்த இடத்தைப் போலீசார் அங்கிருந்தே பதிவு செய்கிறார்கள். ஆகவே இடம் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஹெல்மெட்டுக்கு ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தேன், போகட்டும். பின்னால் உட்காருபவரும் போட வேண்டும், பட்டையை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். கடைசியாக ஒன்று: அடிபட்டவரைப் பார்த்தால் 108-க்குக் கூப்பிடுங்கள். 2021 டிசம்பரில் இருந்து, தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசே ஏற்கிறது. கொண்டுபோய்ச் சேர்த்த நீங்கள் பெயர் சொல்லக்கூட வேண்டியதில்லை. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த விதிகளிலேயே அது இருக்கிறது. வணக்கம்.