காவேரிப்பாக்கம் ஏரியும் ராம்சார் ஒப்பந்தமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஓர் ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது வழிந்தோடினால், அதிகம் மகிழ்பவர்கள் கீழேரியை நம்பியிருக்கும் அடுத்த ஊரார்தாம். மேலேரியின் கலங்கலை, அதாவது மிகுநீர் வழியும் கல்லணையை, ஒரு முழம் உயர்த்தினால் கீழேரிக்கு வரும் நீர் குறைந்துவிடும் என்பதால், கலங்கலின் உயரம் ஓர் ஊர் தனித்து முடிவு செய்யும் காரியமன்று. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரான் நாட்டு ராம்சார் நகரில் கையெழுத்தான ஈரநில ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, ஏறக்குறைய இதையே நாடுகளுக்குச் சொல்கிறது: ஈரநிலமோ நீர்வழியோ பல நாடுகளுக்குப் பொதுவானால், அந்நாடுகள் கலந்து பேச வேண்டும்.

இந்தியா 1982இல் இதில் சேர்ந்தது. ஈரநிலத்துக்கு ஒப்பந்தம் தரும் வரையறை மிக விரிவானது. இயற்கையாக அமைந்ததோ மனிதர் வெட்டியதோ, ஆண்டு முழுதும் நீர் நிற்பதோ சில மாதங்கள் மட்டும் நிற்பதோ, அனைத்தும் அதில் அடங்கும். கோடையில் வெடித்துக் கிடந்து, ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும் நம் ஏரிகளைப் பார்த்தே எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரி, இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருப்பது, அவ்வரையறைக்குள் தயக்கமின்றி வரும். ஆனால் நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் அமைத்த நீர்நிலைகளை வரையறையிலிருந்து விலக்கி வைத்துள்ளன.

இந்த விலக்கு எனக்கு உடன்பாடன்று. வேடந்தாங்கலும் பாசன ஏரிதான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூர் உழவர்கள், வெள்ளையர் காலத்திலேயே அவற்றைச் சுடக்கூடாது என்று முறையிட்டுக் காத்தார்கள்; 2022இல் அந்த ஏரி ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஒப்பந்தம் கூறும் 'அறிவார்ந்த பயன்பாடு' வேலி போட்டுப் பூட்டுவதன்று, இத்தகைய உழவுதான்.

ஒப்பந்தத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லையே என்பார்கள். உண்மைதான். ஆயினும் ஒடிசாவின் சிலிக்கா ஏரி 1993இல் மான்ட்ரூ பதிவேட்டில், அதாவது சீர்கெடும் ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியபின், 2000இல் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. 2002இல் அதன் பெயர் நீங்கியது.

உலக அரங்கின் சொல் உள்ளூர்ச் சட்டமாவதற்கு நம் வேலூரே சான்று. தோல் பதனிடும் கழிவு பாலாற்றில் கலந்தது பற்றிய வழக்கில், 1972 ஸ்டாக்ஹோம், 1992 ரியோ உலகச் சுற்றுச்சூழல் மாநாடுகளை எடுத்துக்காட்டிய உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் தீர்ப்பளித்தது. காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கால்வாய் வழியே வருவதும் அந்தப் பாலாற்று நீர்தான். விதியின் வரையறையில் அந்த ஏரிக்குத்தான் இடமில்லை.