கூடமும் கோணல்தான்

தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே (இவரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு), இசை ஆசிரியர்களே, மாணவர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் பியானோ பக்கவாத்தியம் வாசிப்பவருக்குக் காது, கை, பொறுமை மூன்றும் வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் காது. பாடுகிற பிள்ளை எங்கே மூச்சு வாங்கப் போகிறது என்பது அதற்கு முன்பே நமக்குத் தெரிந்தாக வேண்டும். போன மாதம் உச்சத்தில் பாடிய பையனுக்கு இந்த மாதம் மகரக்கட்டு. ஒரு கட்டை இறக்கி வாசியுங்கள் என்பார்கள், தாளில் இருப்பதோ பழைய சுருதி. பாட்டு சொதப்பினால் பழி பியானோவுக்கு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

பொறுமைக்கு ஒரு கதை சொல்கிறேன். ஆண்டு விழா. பையன் மைக் முன்னால் நிற்கிறான், நான் முன்னிசை வாசிக்கிறேன், பாடவில்லை. மறுபடி வாசிக்கிறேன், என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். மூன்றாவது தடவை, இது பியானோ நிகழ்ச்சி போலிருக்கிறது என்று சபை கைதட்டிவிட்டது. உடனே ஆரம்பித்தான், மூன்றாவது சரணத்திலிருந்து! நானும் தாவினேன். அங்கிருந்து முதல் சரணத்துக்கு வந்தான். பக்கம் திருப்பும் பெண்ணோ கடமை தவறாமல் அடுத்தடுத்த பக்கமாகத் திருப்புகிறாள், இடது கையால் அவளைத் தடுத்துக்கொண்டு வலது கையால் மட்டும் வாசிக்கிறேன். ஒருவழியாக முடிந்தது. இறங்கி வந்தவன் மெதுவாகக் கேட்டான்: “சார், இன்னிக்கு உங்களுக்கு ரொம்ப பயமா?” கூடம் கோணல்!

சரி, கைக்கு வருவோம். கை எவ்வளவு தேர்ந்திருந்தாலும், கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது? அதைச் சொல்லத்தான் வந்தேன். பியானோவில் 88 கட்டைகள், 200க்கு மேல் கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுப்பது பல டன். காற்றில் ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் மரப்பலகை உப்பி சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும், அதுவும் எல்லா ஸ்தாயியிலும் ஒரே அளவில் இல்லை. புல்லாங்குழல் பிள்ளைகள் 440 ஹெர்ட்ஸ் என்ற பொதுச் சுருதிக்குச் சேர்த்துக்கொண்டு வருவார்கள், பியானோ அதற்குக் கீழே கிடக்கும். தினமும் இதைக் கேட்டுப் பழகுகிற காது என்ன ஆகும்?

பொருளாளர் அவர்களே, வருடத்துக்கு இரண்டு முறை சுருதி சேர்க்க வரவுசெலவில் தனியாக ஒரு வரி வையுங்கள். மேடைத் திரைச்சீலை அடுத்த வருடம் மாறட்டும். ஜன்னலோர வெயிலிலிருந்து பியானோவை நகர்த்துங்கள், அதன் மேல் பூஜாடி வைக்காதீர்கள். அதற்குச் செலவே இல்லை.

அடுத்து மாணவர்கள் பாடுகிறார்கள். நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்பாது, பாடுகிறவர்களைக் குறை சொல்லாதீர்கள்.